இறுக்க இறுக்க ஒழுகியது

1993ஆம் ஆண்டு நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வான் வாங்கினோம். குடும்பத்துக்கு 600 மார்க்படி மொத்தம் 1800 மார்க். 1986இல் செய்த வொல்க்ஸ்வாகன். டீசல். ஒன்பது பேர் இருக்கலாம். இஞ்சின் பின்பக்கம், சாமான் வைக்கும் தட்டுக்குக் கீழே இருந்தது. 1.6 லீற்றர், 50 குதிரைவலு. ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் பாரம் ஏற்றிய லொறிகளும் எங்களை முந்திக்கொண்டு போகும். பிள்ளைகள் பின்கண்ணாடியால் லொறிக்காரருக்குக் கை காட்டுவார்கள்.

ஜேர்மனியின் றூர் பகுதியில் சிறிய நகரம் ஒன்றில் அப்போது இருந்தோம். அந்த வான் செய்யாத வேலை இல்லை. சனிக்கிழமை பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகும். கலியாண வீட்டுக்கு வாடகைக் கதிரைகள் ஏற்றும். கர்ப்பிணிப் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பிள்ளையோடு திருப்பிக் கொண்டுவரும். செத்த வீட்டுக்கும் அதுதான். எண்ணெய்க் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி, மாத முடிவில் மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். மூன்று வருடத்தில் கணக்கில் ஒரு பிணக்கும் வந்ததில்லை. பிணக்கு வேறு வழியாக வந்தது. அதைத்தான் எழுதப் போகிறோம்.

1996ஆம் ஆண்டு தொடக்கத்தில் எங்கள் ஊருக்கு ஒரு தம்பி வந்து சேர்ந்தான். இருபது வயது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் இடம்பெயர்ந்ததே, அந்தச் சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்கு நடந்தவன். தாய் வன்னியில். தமக்கை ஒருத்தி ஆறு வருடங்களுக்கு முன்பே ஜேர்மனிக்கு வந்து தெற்கே கலியாணம் முடித்து இருந்தாள். ஆனால் அகதிகளைப் பங்கிட்டு அனுப்பும் முறையில் இவன் எங்கள் பகுதிக்கு அனுப்பப்பட்டான். அகதி விண்ணப்பம் விசாரணையில் இருக்கும் ஒருவர் தமக்குக் குறிக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு வெளியே போவதற்கு எழுத்தில் அனுமதி எடுக்கவேண்டும் என்பது அந்நாளைய சட்டம். ஆகவே அக்காவும் தம்பியும் ஒரே நாட்டில் இருந்தும் ரெலிபோனில்தான் பேசிக்கொண்டார்கள்.

தம்பி அகதி முகாமில் படுத்தாலும் இரவுச் சாப்பாட்டுக்கு எங்களில் ஒரு வீட்டுக்கு வருவான். ஊரில் மாமன் ஒருவரின் கராஜில் கொஞ்சக் காலம் நின்றவன். 1990இலிருந்து யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை. பெற்றோல் காரைச் சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவைத்த காலம் அது. அந்தக் கதைகளை அவன் சொல்ல நாங்கள் சிரித்துக்கொண்டு கேட்போம். சிரிப்பில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது என்று இப்போது விளங்குகிறது.

அந்தக் கோடையில், ஹம் நகரில் காமாட்சி அம்மன் தேர் நெருங்கிய நேரம், வான் சத்தம் போடத் தொடங்கியது. சும்மா நிற்கும்போது பின்னால் ‘சுக், சுக்’ என்று மெல்லிய சத்தம். குளிரான காலையில் ஸ்ராட் எடுக்க நேரம் சென்றது. உள்ளே டீசல் மணம். பின்தட்டைத் தூக்கிப் பார்த்தால் மூன்றாவது இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்பாக, ஈரமாக, கரி படிந்திருந்தது.

இதை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அறிந்திருக்க மாட்டார்கள் என்பதால் ஒரு விளக்கம். டீசல் இஞ்சினில் பொறி போடும் பிளக் இல்லை. காற்றை மிகச் சிறிய இடத்துக்குள் அமுக்கினால் அது தானாகச் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சூடாவது அதனால்தான். எங்கள் வானின் இஞ்சினில் 23 பங்கு காற்று ஒரு பங்காக அமுக்கப்படும். அந்தச் சூட்டுக்குள் டீசலைப் புகைபோல விசிறினால் அது தானே பற்றிக்கொள்ளும். விசிறுகிற குழாய்தான் இன்ஜெக்டர். றுடோல்ப் டீசல் என்ற பொறியியலாளர் 1897இல் இதே ஜேர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரில் இந்த வகை இஞ்சினை முதன்முதலில் ஒழுங்காக ஓடவைத்துக் காட்டினார். நூறு வருடம் சென்றும் அடிப்படை அதுதான்.

எங்கள் வானில் இன்ஜெக்டர் ஒவ்வொன்றும் சிலிண்டர் ஹெட்டில் திருகிப் பூட்டப்பட்டிருந்தது. இன்ஜெக்டர் உருக்கு, ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே, குழியின் அடியில், கிண்ணம் போல வளைந்த ஒரு சிறிய வாசர். நெருப்பையும் காற்றையும் மேலே வரவிடாமல் அடைப்பது புரியல்ல, அந்த வாசர்தான். இறுக்கும்போது அது நசிந்து இடத்துக்கு ஏற்றபடி படியும். ஒருமுறைதான் நசியும். கழற்றினால் புதிது போடவேண்டும்.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தவை. அன்று தெரிந்தது கொஞ்சம்; தெரியும் என்ற நினைப்பு அதிகம்.

முதலில் மேலே ஓடும் மெல்லிய ரப்பர் ஹோசை மாற்றினோம். இன்ஜெக்டரில் மிஞ்சும் டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் ஹோஸ் அது. நாள்பட்டால் வெடிக்கும். சில மார்க்தான். அதைச் செய்தது பிழையல்ல. ஒழுக்கு என்றதும் முதலில் பார்க்கவேண்டிய இடமும் அதுதான். டீசல் மணம் குறைந்தது. ‘சுக், சுக்’ நிற்கவில்லை. சவர்க்காரத் தண்ணீரை இன்ஜெக்டரின் அடியில் விட்டுப் பார்த்தோம். நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. ஆகவே அடியால் காற்றுப் போகிறது.

27 இலக்க நீளச் சொக்கற் ஒன்றை இரவல் வாங்கி இன்ஜெக்டரைக் கழற்றினோம். உதிரிப்பாகக் கடையில் வாசர் கேட்டோம். ‘இரண்டு நாளில் வரும்’ என்றார்கள். விலை இரண்டு கோப்பை தேத்தண்ணிக் காசு. எங்களுக்கு இரண்டு நாள் பொறுக்க முடியவில்லை. பழைய வாசரை மண்ணெண்ணெயில் கழுவி, மண்தாளால் தேய்த்து, அதையே திருப்பிப் போட்டோம்.

நசிந்த வாசர் இனி நசியாது. ஆகவே காற்றுப் போனது. ‘இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நிற்கும்’ என்று இறுக்கினோம். ஒரு நாள் நின்றது. அடுத்த நாள் மறுபடி ‘சுக், சுக்’. மறுபடி இறுக்கினோம். மூன்றாம் முறை ஸ்பனர் பிடியில் ஒரு மீற்றர் நீள இரும்புக் குழாயைச் செருகி இழுத்தோம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. அந்த இன்ஜெக்டரை இறுக்கவேண்டிய அளவு 70 நியூட்டன் மீற்றர். அதாவது ஒரு மீற்றர் நீளப் பிடியின் நுனியில் 7 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு. வளர்ந்த ஆம்பிளை ஒருவர் காலை ஊன்றிக் குழாயை இழுத்தால் 40 கிலோவுக்குக் குறையாது. ஐந்து ஆறு மடங்கு. உருக்கு தாங்கும். அலுமினியம் என்ன செய்யும்?

இழுத்த கையில் பிடி திடீரென்று இளகியது. பனங்கிழங்கின் நாரை உரிக்கும்போது வருமே, அப்படி ஓர் ‘இழுவல்’. குழாயைக் கழற்றிக் கீழே வைத்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ‘இப்ப இறுகிவிட்டுது’ என்று ஒருவர் சொன்னார். மற்ற இருவரும் தலையாட்டினோம். வானைத் தெருச் சுற்றி ஓட்டிக்கொண்டுவந்து நிறுத்தினோம். சத்தம் முன்னையைவிடக் கூட.

அடுத்த நாள் வியாழக்கிழமை. தேர் ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் தம்பி வந்தான். ‘தம்பி, உமக்குத்தானே கராஜ் வேலை தெரியும், இந்த மூன்றாவதை ஒருக்காக் கழட்டிப் பாரும்’ என்று ஸ்பனரைக் கொடுத்தோம். அவன் சந்தோசமாக வாங்கினான். அன்றுதான் முதன்முதலாக எங்கள் வானில் கைவைக்கச் சொன்னோம்.

அவன் ஒழுங்காகத்தான் செய்தான். சுற்றியிருந்த கரியைத் துடைத்தான். பைப்பை வளைக்காமல் இரண்டு முனையையும் கழற்றி எடுத்தான். வாய்களைச் சுத்தமான சீலைத்துண்டால் அடைத்தான். பிறகு சொக்கற்றைப் போட்டுத் திருப்பினான். இன்ஜெக்டர் பாரமில்லாமல் கையோடு வந்தது. அதைச் சுற்றி வெள்ளிக் கம்பி போல அலுமினியப் புரி சுருள் சுருளாகச் சுற்றியிருந்தது. ஹெட்டின் குழிக்குள் பார்த்தால் புரி பாதிக்கு மேல் இல்லை.

யாரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு எங்களில் ஒருவர் சொன்னார்:

‘மண்ணெண்ணெய் மிசின் திருத்தின கையாலை இதைத் தொட்டால் இப்பிடித்தான் வரும்.’

மற்ற இருவரும் மறுக்கவில்லை.

தம்பி எங்களைப் பார்த்தான். சுருளைப் பார்த்தான். ‘நான் மெல்லமாத்தான் அண்ணை திருப்பினனான்’ என்றான். அவ்வளவுதான். இன்ஜெக்டரைத் துடைத்து ஒரு கடுதாசியில் சுற்றி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். அன்றிரவு சாப்பாட்டுக்கு அவன் வரவில்லை. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு எங்கள் வீட்டுப் பெண்கள் பத்து மணிவரை பார்த்திருந்தார்கள். ‘என்ன நடந்தது?’ என்று கேட்டார்கள். ‘வான் பழுது’ என்றோம்.

அவனுக்கு வானைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. தேருக்கு அவனுடைய அக்கா குடும்பத்தோடு ஹம் நகருக்கு வருகிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு மாத்திரம் மாவட்டத்தை விட்டு வெளியே போக அவன் இரண்டு தரம் அலைந்து ஓர் அனுமதித் துண்டு எடுத்துவைத்திருந்தான். எங்கள் வானில் போவதாகத்தான் ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை போர்மன் ஐயாவைக் கூட்டிவந்தோம். ஊரில் பஸ் டிப்போ ஒன்றில் லேலண்ட் இஞ்சின்களோடு இருபத்தைந்து வருடம் நின்றவர். இங்கே ஓர் உணவுச்சாலையில் கோப்பை கழுவினார். மகனோடு வந்திருந்த அவரை யாரும் வேலை விசயமாகக் கேட்டதில்லை. பென்சன் எடுக்கும் வயது என்று விட்டுவிட்டோம்.

தம்பியையும் வரச் சொல்லியிருந்தார். அவன் தூரத்தில் நின்றான். ஐயா கண்ணாடியை மூக்கில் இறக்கி வைத்து, கடுதாசியைப் பிரித்து, சுருளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பழைய வாசரை ஊசியால் கிளப்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

‘இது கழட்டேக்கை போனதில்லை மோனை. இறுக்கேக்கை போனது’ என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டோம். அவர் மூன்று விசயம் காட்டினார். முதலாவது, இன்ஜெக்டரைக் கோணலாகத் திருகியிருந்தால் புரியின் தொடக்கத்தில்தான், ஒரு பக்கமாகத்தான் சிதைவு இருக்கும். இங்கே சுற்றிவர ஒரே அளவாக அறுந்திருக்கிறது. நேராக மேலே இழுபட்ட அறுவை. இரண்டாவது, வாசரில் ஒன்றல்ல, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு வட்டத் தழும்பு. ஆகவே அது ஒருமுறைக்கு மேல் பூட்டப்பட்டிருக்கிறது. மூன்றாவதைச் சொல்லமுன் சுருளின் அறுந்த விளிம்பை விரலால் தடவிக் காட்டினார். விரல் கறுத்தது.

‘நேற்றுக் கழட்டேக்கை அறுந்திருந்தால் அறுந்த இடம் வெள்ளையா மினுங்கும். இதிலை கரி பிடிச்சிருக்கு. அறுந்ததுக்குப் பிறகு மிசின் ஓடியிருக்கு. தம்பி கைவைச்சது ஆறிக்கிடந்த மிசினிலை. யார் கடைசியா இறுக்கினது?’

இந்தக் கட்டுரை முழுவதும் ‘நாங்கள்’ என்று எழுதிவருகிறோம். குழாயைப் பிடித்து இழுத்த கை ஒருவருடையது. ‘இறுகிவிட்டுது’ என்று சொன்ன வாய் இன்னொருவருடையது. தம்பியின் தலையில் பழியைப் போட்ட சொல் மூன்றாமவருடையது. ஆனால் மூன்றையும் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதனால் ‘நாங்கள்’ என்பது மறைப்பதற்காக எழுதியதல்ல. அதுதான் சரியான சொல்.

‘நாங்கள்தான் ஐயா. குழாய் போட்டு இறுக்கினனாங்கள்’ என்றோம்.

அவர் எங்களைத் திட்டவில்லை. தம்பியின் பக்கம் கையைக் காட்டி, ‘எனக்கேன் சொல்லுறியள்? அங்கை சொல்லுங்கோ’ என்றார்.

வயதில் இளையவன் ஒருவனிடம் பிழை என்று ஒத்துக்கொள்ளும் பழக்கம் எங்களுக்கு இல்லை. எங்கள் தகப்பன்மார் எங்களிடம் அப்படிச் சொன்னதும் இல்லை. ஒருவர் சொல்லத் தொடங்கி, மற்றவர் முடித்து, மூன்றாமவர் தொண்டையைச் செருமினார். தம்பி கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான்:

‘சரி அண்ணை. இனி வாசர் புதுசா வாங்குவமே?’

போர்மன் ஐயா சிரித்தார். எங்களுக்குச் சிரிக்க இரண்டு நிமிடம் பிடித்தது.

வெட்கம் ஒரு பக்கம் இருக்க, ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது? கடையில் உருக்குப் பசை விற்கிறது, இரண்டு குழாயில் வரும், குழைத்துப் பூசினால் கல்லாக இறுகும், அதைப் பூசித் திருகிவிட்டு ஹம் போய் வரலாமே என்றோம். போய்வர 100 கிலோமீற்றர்கூட இல்லை.

ஐயாவின் முகம் மாறியது. ‘எத்தினை பேர் போறியள்? எத்தினை குஞ்சு குருமன்?’ என்று கேட்டார். பிறகு நிதானமாக விளங்கப்படுத்தினார். அமுங்கிய காற்றின் அழுத்தமே 30 பாருக்கு மேல். கார் ரயரில் இருப்பது 2, 3 பார். டீசல் பற்றும்போது அது இன்னும் ஏறும். நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை அந்த இன்ஜெக்டரின் அடியில் சம்மட்டி அடி விழுகிறது. சூட்டில் பசை விட்டுக் கொடுத்தால் இன்ஜெக்டர் கிளம்பும், பைப் உடையும், சுடுகிற இஞ்சின்மேல் டீசல் விசிறும். அதற்கு மேலே ஒரு தட்டு, தட்டுக்கு முன்னால் சீற், சீற்றில் பிள்ளைகள்.

இன்னொன்றும் சொன்னார். இதை வாசிக்கிறவர்கள் மறக்கக்கூடாது. அந்த இன்ஜெக்டர் ஏறக்குறைய 130 பார் அழுத்தத்தில் திறந்து டீசலை விசிறும். எங்கே ஒழுகுகிறது என்று வெறுங்கையால் தடவிப் பார்த்தால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல ஒரு புள்ளிதான் தெரியும். நோவும் முதலில் பெரிதாக இராது. ஆனால் உள்ளே சதை அழுகத் தொடங்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போனது என்று தெளிவாகச் சொல்லவேண்டும். பிந்தினால் விரல், சிலவேளை கையே, போய்விடும். ஒழுக்கைப் பார்ப்பதானால் இஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்கவேண்டும், அல்லது கடுதாசி மட்டையை நீட்டிப் பார்க்கவேண்டும்.

பசை வாங்கவில்லை. தேருக்கு வானும் போகவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்களில் இருவர், ஒருவருடைய மனைவி, ஒரு பிள்ளை, தம்பி என்று ஐந்து பேர் ரயில் ஏறினோம். 1995இல் ஜேர்மன் ரயில்வே வார இறுதிச் சீட்டு ஒன்றை அறிமுகப்படுத்தியிருந்தது. ஒரு சீட்டில் ஐந்து பேர் போகலாம், மெதுவாகப் போகும் ரயில்களில் மட்டும். இரண்டு இடத்தில் மாறினோம். தம்பி அனுமதித் துண்டைச் சட்டைப் பையில் வைத்து அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டான். சீட்டுப் பரிசோதகர் வந்தபோது முதலில் அதைத்தான் நீட்டினான்.

தேர் வீதிக்கு வந்திருந்தது. ஜேர்மன் தெருவில் தவில் அடி கேட்டது. சனத்துக்குள் அக்காவைத் தேடி முக்கால் மணித்தியாலம். கண்டபோது முதலில் அவள்தான் அடையாளம் பிடித்தாள். அவளுக்குத் தெரிந்த தம்பிக்கு வயது பதினாலு. நாங்கள் தள்ளிப் போய்க் கச்சான் வாங்கினோம். பின்னேரம் ஐந்து மணிவரை அவர்கள் ஒரு மரத்தின் கீழ் இருந்தார்கள். துண்டின்படி அன்றிரவு அவன் திரும்பவேண்டும். திரும்பினான். அந்த இரவு எங்கள் வீட்டில் சாப்பிட்டான்.

அடுத்த கிழமை வானைத் திருத்தினோம். மூன்று வழி இருந்தது. வேறு ஹெட் வாங்குவது. அது எங்கள் வானின் பாதி விலைக்கு வந்திருக்கும். குழியை ஒட்டி நிரப்பிப் புதிதாகப் புரி வெட்டுவது. அலுமினியம் ஒட்டுவதற்கு நல்ல கைகாரர் வேண்டும். மூன்றாவது, குழியைச் சற்றே பெரிதாக்கி, உருக்குப் புரி ஒன்றை உள்ளே இருத்துவது. ஹெலிகொயில் என்ற பெயரில் விற்கும் கம்பிச்சுருள் அதற்குத்தான். ஐயா மூன்றாவதைச் சொன்னார். ஆனால் வானில் வைத்தே துளைக்க விடவில்லை. இந்த வகை வானில் இஞ்சின் ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். சரிந்த இடத்தில் கையால் துளைத்தால் நேர் தப்பும். இன்ஜெக்டர் கோணலாக இருந்தால் வாசர் ஒரு பக்கம்தான் நசியும், பழைய கதைதான். அதோடு அலுமினியத் தூள் சிலிண்டருக்குள் விழுந்தால் சுவரைக் கீறும். ஹெட்டை இறக்கத்தான் வேண்டும் என்றார்.

எங்கள் மாடிவீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு ஜேர்மன்காரர் இருந்தார். நிலக்கரிச் சுரங்கப் பட்டறையில் கடைச்சல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நிலக்கீழ் அறையில் சிறிய கடைச்சல் மெசினும் துளைக்கும் மெசினும் வைத்திருந்தார். மூன்று வருடம் ‘குட்டன் மோர்கன்’ மாத்திரம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது கதவை அகலத் திறந்தார். ஐயாவுக்கு டொச் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அளவுகோலையும் விரலையும் வைத்துப் பேசினார்கள். ‘24’ என்று ஒருவர் எழுத, ‘2’ என்று மற்றவர் எழுதினார். புரியின் அகலம் 24 மில்லிமீற்றர், இடைவெளி 2 மில்லிமீற்றர் என்று அர்த்தம். இருவருக்கும் ஒரே சந்தோசம்.

குழியை அளவாகப் பெரிதாக்கி, அதற்கென்றே உள்ள புரிவெட்டியால், எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று வெட்டினார்கள். பிறகு கம்பிச்சுருளை அதற்கான பிடியால் உள்ளே திருகினார்கள். சுருள் குழியைவிடச் சற்றுப் பெரிது. ஒடுக்கி உள்ளே விட்டதும் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். கம்பி துருப்பிடியாத உருக்கு. ‘இனி மற்ற மூன்றிலும் பார்க்க இதுதான் பலம்’ என்றார் ஐயா. நம்பமுடியாமல் இருந்தது. ஆனால் உண்மை. இழுவையைச் சுருள் பரவலாக அலுமினியத்துக்குக் கொடுக்கிறது. திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டினாலும் தேய்வது உருக்கோடு உருக்கு.

அந்த மனிதர் காசு வாங்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் ரோல்ஸ் நாற்பது பொரித்துக் கொடுத்தார்கள். அதை வாங்கினார். அதற்குப் பிறகு ‘குட்டன் மோர்கன்’ சற்று நீண்டது.

பூட்டும் வேலை முழுவதையும் ஐயா தம்பியிடம் கொடுத்தார். நாங்கள் விளக்குப் பிடித்தோம். ஹெட் கஸ்கற் புதிது. இந்த இஞ்சினுக்குக் கஸ்கற் மூன்று தடிப்பில் வரும். விளிம்பில் உள்ள வெட்டுக்குறிகளை எண்ணி, பழையதில் எத்தனையோ அத்தனை உள்ளதைத்தான் வாங்கவேண்டும். ஹெட் போல்ற்றுகள் இறுக்கும்போது நீளுகிற வகை, அவையும் புதிது. ரைமிங் பெல்ற்றும் புதிது. வாசர் நான்கும் புதிது, பக்கம் மாறாமல். குழியின் அடியைக் கரியில்லாமல் சுத்தமாக்கி, இன்ஜெக்டரை முதலில் வெறும் விரலால் திருகவேண்டும். விரலால் போகாவிட்டால் எங்கோ பிழை, ஸ்பனரைத் தொடக்கூடாது. விரலால் அடிவரை போனபின், இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பனரில் 70ஐ வைத்து, ‘டிக்’ என்று கேட்டதும் நிறுத்தவேண்டும். தம்பி நிறுத்தினான். எங்கள் கைகள் ‘இன்னும் கொஞ்சம்’ என்று துடித்தன. ஐயா எங்களைப் பார்த்தார். சும்மா நின்றோம்.

பைப் முனைகளைச் சற்றே தளரவிட்டு, ஸ்ராட்டர் சுற்றி, காற்றுப் போய் டீசல் கசிந்ததும் இறுக்கினோம். வான் எழும்பியது. சவர்க்காரத் தண்ணீர் விட்டோம். ஒரு குமிழும் இல்லை.

கொப்பியில் அந்த மாதக் கணக்கு 412 மார்க். புது வாசர் வாங்கக் காத்திருந்தால் போயிருக்கக்கூடியது இரண்டு நாளும் ஐந்தாறு மார்க்கும். அந்த வரிக்குக் கீழே யாரோ பென்சிலால் ‘பொறுமை இல்லாததற்கு’ என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்து எங்கள் வீட்டுப் பெண்களில் ஒருவருடையது. யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை.

வான் 2001வரை ஓடியது. மூன்றாவது இன்ஜெக்டர் அதற்குப் பிறகு ஒருநாளும் ஒழுகவில்லை. போர்மன் ஐயா இப்போது இல்லை. கீழ்த்தளத்து மனிதரும் இல்லை. தம்பிக்குப் பிறகு வதிவிட உரிமை கிடைத்து, அக்காவின் ஊருக்கே போய்விட்டான். மாவட்டத்தை விட்டு வெளியேறக்கூடாது என்ற அந்தச் சட்டமும் 2015இல் பெருமளவு தளர்த்தப்பட்டது. அவன் தேருக்கு வரும்போது எங்களைக் காண்பான். ‘அண்ணை, வாசர் புதுசோ?’ என்று கேட்பான். அவனுடைய பிள்ளைகளுக்கு அந்தப் பகிடி விளங்காது.

இன்றைய டீசல் வாகனங்களில் இன்ஜெக்டரைப் புரியில் திருகுவதில்லை. பெரும்பாலும் பட்டையால் அழுத்திப் பூட்டுகிறார்கள். அழுத்தமும் 130 அல்ல, 2000 பாரை எட்டும். அவற்றில் வீட்டில் நின்று கைவைப்பது ஆபத்து. தெரிந்தவரிடம் கொண்டுபோவதுதான் புத்தி. ஆனால் வாசர் அன்றும் இன்றும் ஒன்றுதான். ஒருமுறை நசிந்தது இரண்டாம் முறை அடைக்காது. எவ்வளவு இறுக்கினாலும்.

எங்கள் பிள்ளைகள் இப்போது தங்கள் கார்களைத் தாங்களே திருத்துவதில்லை. அது நல்லதுதான். ஆனாலும் ஒன்றை அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். பிடி திடீரென்று இளகினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ‘இறுகிவிட்டது’ என்று சொல்லாதீர்கள். ஸ்பனரை இன்னொருவர் கையில் கொடுக்காதீர்கள்.